இரண்டு வருஷம் சாச்சா

இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஆறு மூடி. ஒவ்வொன்றாகத் திருகித் திறந்து, டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி, மிதவை பச்சைக் கோட்டைத் தொட்டதும் நிறுத்த வேண்டும். கேன் உபைதுல்லாவின் கையில் இருந்தது. டார்ச் மகள் ஷமீராவின் கையில். ஜனவரி மாதத்து ஞாயிற்றுக்கிழமை, காலை பதினோரு மணி.

"போதும்த்தா."

"இன்னும் கொஞ்சம் ஏறும்."

"ஏறுனா வழியும்."

"நீ இஞ்சினியரு. நீ சொன்னா சரிதான்" என்று சொல்லிவிட்டு இன்னும் கொஞ்சம் ஊற்றினார். வழியவில்லை.

தகப்பனும் மகளும் சேர்ந்து செய்த கடைசி வேலை அது. அன்று மத்தியானமே அவள் சென்னைக்கு ரயிலேறினாள். பதினாறு நாள் கழித்து அவர் மவுத்தானார். பட்டறையில் உட்கார்ந்தபடியே மாரடைப்பு. வயது அறுபத்தாறு.

உபைதுல்லாவைப் பற்றிக் கொரடாச்சேரிக் கடைத்தெருவில் விசாரித்தால், அவர் செம்புக் கம்பி சுற்றிக் கட்டின மோட்டார் காயில் மூன்று கோடை தாங்கும் என்பார்கள். அதிர்ந்து பேசமாட்டார் என்பார்கள். வாங்கின வேலையைச் சொன்ன தேதிக்குத் தரமாட்டார், ஆனால் தந்தால் திரும்பி வராது என்பார்கள். எல்லாம் உண்மை. ஆனால் திருவாரூரில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்துக்கு அவர் இரண்டு வருஷம் வேறு ஆளாகப் போய் வந்தது கடைத்தெருவுக்குத் தெரியாது. சொந்த மகளுக்குச் சாச்சாவாக, அதாவது தகப்பனின் தம்பியாகப் போய் வந்தார். அவருக்குத் தம்பியே கிடையாது.

குவைத்தில் ஒரு குளிர்சாதனக் கம்பெனியில் அவர் ஏழு வருஷம் இருந்தார். தொண்ணூறாம் வருஷம் ஆகஸ்டில் அங்கே சண்டை வந்தது. பஸ்ஸிலும் லாரியிலுமாக ஜோர்டான் எல்லைக்குப் போய், பாலைவனத்துக் கூடாரத்தில் பதினோரு நாள் கிடந்து, செப்டம்பர் கடைசியில் வீடு வந்து சேர்ந்தார். கையில் ஒரு தோள்பை. அதில் இரண்டு சட்டை, ஒரு டெஸ்டர். ஷமீராவுக்கு அப்போது பன்னிரண்டு வயது.

சண்டை ஓய்ந்ததும் மற்றவர்கள் மறுபடி விசா வாங்கிக் கிளம்பிவிட்டார்கள். வெளிநாட்டில் சம்பாதிக்கிறவரை அந்தப் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் சபுராளி என்பார்கள். உபைதுல்லா மட்டும் மறுபடி சபுராளி ஆகவில்லை. ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு கொட்டகை பிடித்து, எரிந்துபோன பம்புசெட் மோட்டார்களுக்குக் காயில் கட்ட உட்கார்ந்தார். ஆற்றில் தண்ணீர் நேரத்துக்கு வராத வருஷங்கள் அவை. போர்வெல் போட்டவர்கள் மோட்டாரை ஓயாமல் ஓட்டினார்கள். வோல்டேஜ் குறைவில் மோட்டார் எரிந்தது. வேலைக்குப் பஞ்சமில்லை. மதிப்புக்குத்தான் பஞ்சம். துபாயில் இருப்பவர் அங்கே என்ன வேலை பார்க்கிறார் என்று ஊரில் யாரும் கேட்பதில்லை. உள்ளூரில் இருப்பவரை அதைத் தவிர வேறொன்றும் கேட்பதில்லை.

ஷமீராவின் அம்மா சைத்தூன் பீவிக்கு அது பொறுக்கவில்லை. அவளுடைய தங்கை வீட்டுக்காரர் சவுதியிலிருந்து பணம் அனுப்பி, மாடி எழும்பிவிட்டது. இவர்கள் வீட்டில் ஓர் அறைக்குத்தான் தளம் போட்டிருந்தது. மீதித் தூண்கள் மேலே கம்பி நீட்டிக்கொண்டு நின்றன. அந்தக் கம்பிகளில் துணி காயப்போடும்போதெல்லாம் அவளுக்குக் கோபம் வரும்.

உபைதுல்லாவோடு குவைத்தில் ஒரே அறையில் இருந்த நீடாமங்கலத்துத் துரைராசு, பிறகு துபாய்க்குப் போனவர், தொண்ணூற்று நான்கில் தன் கம்பெனியில் சொல்லி உபைதுல்லாவுக்கு ஒரு விசா எடுத்து அனுப்பினார். இரண்டு மாதத்துக்குள் போய்ச் சேர வேண்டும். உபைதுல்லா அதை அலமாரியில் வைத்தார். தேதி கடந்தது.

"ஏங்க, ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா, போகப்போறதில்லன்னு?"

"பாப்போம்னு சொன்னேனே."

"பாப்போம்னா என்ன அர்த்தம்? நீங்க பாத்துக்கிட்டே இருங்க. ஊரு ஒங்களப் பாத்துச் சிரிக்கட்டும்."

அதற்குப் பிறகு அவர்கள் நேரடியாகப் பேசிக்கொள்வதை நிறுத்தினார்கள். சோறு எடுத்து வைத்திருக்கிறது என்று ஒங்க அத்தாவிடம் சொல். பசியில்லை என்று ஒங்க அம்மாவிடம் சொல். மூன்று பேரும் ஒரே அறையில் இருப்பார்கள். பேச்சு மட்டும் ஷமீரா வழியாகப் போகும். அவள் இரண்டு முனைக்கும் நடுவில் கிடக்கும் வயர். மின்சாரம் ஓடினால் வயர் சூடாகும் என்பதை அந்த வருஷம்தான் அவள் இயற்பியலில் படித்தாள்.

அந்த ஜூனில்தான் அவள் திருவாரூரில் பிளஸ் ஒன் சேர்ந்தாள். கொரடாச்சேரியிலிருந்து அந்த வகுப்புக்குப் போனது அவள் ஒருத்திதான். சேர்க்கைக்கு அம்மா கூட வந்தாள். அத்தாவுக்கு அன்று அவசர மோட்டார்.

முதல் நாள். வகுப்பாசிரியை ரெங்கம்மாள் ஒவ்வொரு பெண்ணாக எழுப்பி, பெயரும் அப்பா என்ன செய்கிறார் என்பதும் கேட்டுக்கொண்டு வந்தார். மூன்றாவது பெஞ்சில் நான்கு முஸ்லிம் பெண்கள். முதல் பெண் சவுதி என்றாள். அடுத்தவள் சிங்கப்பூர். மூன்றாவது அனீஸா, திருவாரூர்க்காரி, துபாய் என்றாள். அவள் எழுந்து நின்றதும் பெஞ்சில் சென்ட் வாசனை பரவியது. கையில் தங்க நிற வாட்ச். பக்கத்தில் மடக்குக் குடை.

நான்காவது ஷமீரா. எழுந்தாள். "துபாய், டீச்சர்."

ரெங்கம்மாள் பதிவேட்டைப் பார்த்தார். "மெக்கானிக்னு போட்டிருக்கே?"

"துபாய்ல மெக்கானிக், டீச்சர்."

ஷமீரா அதைத் திட்டம் போட்டுச் சொல்லவில்லை. வரிசையில் மூன்று பேர் ஒன்றைச் சொன்னபின் நான்காவது ஆளுக்கு வாய் தானாக அதைச் சொல்லியது. உட்கார்ந்தாள். இனி இந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறவரை அத்தா துபாயில்தான் இருக்க வேண்டும். பதினைந்து கிலோமீட்டரில், ரயில்வே கேட்டுப் பக்கத்தில், வார்னிஷ் நாற்றத்தோடு ஓர் ஆள் உட்கார்ந்திருப்பது இவர்களுக்குத் தெரியக்கூடாது.

அனீஸா கெட்ட பெண் இல்லை. கேட்டால் பேனா தருவாள். ஆனால் வாய் சும்மா இருக்காது.

"ஏண்டி ஷமீரா, ஒங்க அத்தா ஒண்ணுமே அனுப்ப மாட்டாரா? துபாய்ல இருக்காரா, தூத்துக்குடில இருக்காரா?"

பெஞ்சு சிரித்தது. மறுநாள் ஷமீரா அம்மாவின் பழைய குவைத் வாட்சைக் கட்டிக்கொண்டு போனாள். அது ஓடவில்லை. யாரும் மணி கேட்டுவிடாமல் நாள் முழுவதும் பார்த்துக்கொண்டாள். பிராக்ரஸ் கார்டில் அம்மாவிடம் கையெழுத்து வாங்கினாள். ஒரு நாள் உபைதுல்லா ஏதோ சாமான் வாங்கத் திருவாரூருக்கு வந்தவர், பள்ளிக்கூட வாசலுக்கு எதிரே மொபெட்டை நிறுத்திவிட்டு நிற்பதை மாடி ஜன்னலிலிருந்து பார்த்துவிட்டாள். மணி அடித்து எல்லோரும் போய் முக்கால் மணி நேரம் கழித்துத்தான் வெளியே வந்தாள். அவர் அதற்குள் போயிருந்தார். சாயந்தரம் வீட்டில் கேட்டார்: "இன்னைக்கு ஸ்பெஷல் கிளாஸாம்மா?" "ஆமாத்தா."

செப்டம்பரில் அனீஸாவின் அத்தா நெய்னா முகம்மது லீவில் வந்தார். கிளம்பும் நாள் நெருங்கியபோது அனீஸா பெஞ்சில் வந்து சொன்னாள்:

"எங்க அத்தா பத்தாம் தேதி போறாங்க. ஒங்க அத்தாவுக்கு ஏதாவது குடுத்துவிடணும்னா குடுக்கச் சொன்னாங்க. ரெண்டு கிலோ எடம் வச்சிருக்காங்களாம்."

சபுராளி வீடுகளில் இது மாறாத வழக்கம். போகிறவர் கையில், அங்கே இருக்கிறவர்களுக்குக் கொடுத்தனுப்புவார்கள். போகிறவர் தன் பெட்டியில் இடம் வைப்பார். வேண்டாம் என்று சொல்லும் வீடு உலகத்தில் கிடையாது; சொன்னால் அங்கே ஏதோ கோளாறு என்று அர்த்தம். ஷமீராவுக்கு அது தெரியும்.

அம்மா வெளியே போயிருந்த நேரத்தில் மூட்டை கட்டினாள். அரைக் கிலோ மிளகாய்த்தூள். ஒரு பாட்டில் நார்த்தங்காய் ஊறுகாய். ஒரு பை முறுக்கு. வெள்ளைத் துணியில் வைத்துச் சுற்றித் தைத்தாள். மேலே ஸ்கெட்ச் பேனாவால் எழுதினாள்: உபைதுல்லா, தேரா, துபாய். தேரா என்ற இடப்பெயர் அனீஸாவின் வாயிலிருந்து எடுத்தது. அழகான கையெழுத்து.

தப்பு அங்கேதான் நடந்தது. பதினைந்து வருஷம் துபாயில் இருந்த நெய்னா முகம்மது அந்த மூட்டையைக் கையில் வாங்கியதுமே புரட்டிப் பார்த்தார். போன் நம்பர் இல்லை. பி.ஓ. பாக்ஸ் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, கூட ஒரு கடிதம் இல்லை. புருஷனுக்குப் பார்சல் அனுப்புகிற எந்தப் பெண்ணும் கடிதம் இல்லாமல் அனுப்பமாட்டாள். சின்னப் பெண் அவசரத்தில் விட்டிருக்கும் என்று நினைத்தார். மனுஷர் பொறுப்பானவர். சனிக்கிழமை மத்தியானம் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கொரடாச்சேரிக்குக் கிளம்பினார்.

அன்று லீவு. ஷமீரா அத்தாவுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு பட்டறைக்கு வந்திருந்தாள். பழைய மோட்டார் ஸ்டேட்டர்கள் அடுக்கிய ரேக்குக்குப் பின்னால் தூக்குப்பாத்திரத்தைத் திறந்துகொண்டிருந்தாள். உபைதுல்லா கைராட்டையில் காயில் சுற்றிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு சுற்றையும் வாய்க்குள் எண்ணுவார். எண்ணிக்கை தவறினால் எல்லாவற்றையும் பிரித்து முதலிலிருந்து சுற்ற வேண்டும்.

வாசலில் ஸ்கூட்டர் நின்றது.

"அஸ்ஸலாமு அலைக்கும். பாய், இங்க உபைதுல்லான்னு துபாய்ல இருக்காரே, அவரு வீடு எதுங்க?"

ரேக்குக்குப் பின்னால் ஷமீராவின் கை நின்றுவிட்டது.

உபைதுல்லா தலையை நிமிர்த்தவில்லை. ஸலாமுக்குப் பதில் சொல்லிவிட்டு, இடது கையால் ஸ்டூலைக் காட்டினார். நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு. ராட்டை சுற்றியது. வந்தவர் உட்கார்ந்தார். இன்னும் முப்பது சுற்று. அந்த நேரத்தில் வந்தவரே பேசினார்: தான் நெய்னா முகம்மது, திருவாரூர், மகள் அனீஸா, உபைதுல்லாவின் மகளோடு படிக்கிறாள், பத்தாம் தேதி பயணம், பார்சலில் போன் நம்பர் இல்லை. பேசிக்கொண்டே மூட்டையை மேஜைமேல் வைத்தார்.

எழுபத்திரண்டு. உபைதுல்லா கம்பியை வெட்டி, முனையை முறுக்கினார். மூட்டையைப் பார்த்தார். தன் பெயரைத் தன் மகளின் கையெழுத்தில் படித்தார். ஒரே ஒரு தடவை ரேக் பக்கம் பார்வை போய்த் திரும்பியது.

"புள்ள எழுதியிருக்கா" என்றார். "நம்பர் நான் தர்றேன்."

"நீங்க?"

"நான் அவரு தம்பி."

நெய்னா முகம்மது முகம் மலர்ந்தது. "அப்ப சரியான எடத்துலதான் வந்து கேட்டிருக்கேன். அண்ணன் மாதிரியே மெக்கானிக்குதானா நீங்களும்?"

"ஆமா. ஒரே தொழில்."

மேஜை டிராயரிலிருந்து ஒரு துண்டுச் சீட்டு எடுத்து, துரைராசுவின் போன் நம்பரையும் பி.ஓ. பாக்ஸையும் எழுதினார். "துரைராசுன்னு ஒருத்தர் எடுப்பாரு. ஒரே ரூம்தான். அவர்ட்ட குடுத்தாப் போதும்."

"அண்ணன் லீவுல எப்ப வந்தாரு?"

"வந்து நாலு வருசம் ஆச்சு."

"நாலு வருசமா! பாவம்."

"பழகிருச்சு."

"வீட்ல அவங்களுக்கு ஒரு ஸலாம் சொல்லிட்டுப் போயிடறேனே. லெட்டர் இருந்தாலும் வாங்கிக்கலாம்."

"அண்ணி ஊர்ல இல்ல" என்றார் உபைதுல்லா. எதிர்க் கடையிலிருந்து இரண்டு டீ வரவழைத்தார். குடித்துவிட்டு நெய்னா முகம்மது அவர் கையை இரண்டு கையாலும் பிடித்து விடைபெற்றார். "இது அமானத்து, நம்பிக் குடுத்த பொருளு. பத்திரமா சேத்துடுவேன்னு மச்சான்கிட்ட, அதான் ஒங்க அண்ணன்கிட்ட, சொல்லிடுங்க."

ஸ்கூட்டர் சத்தம் தேய்ந்தது. ஷமீரா ரேக்குக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தாள். நிற்கவும் முடியவில்லை, போகவும் முடியவில்லை.

"சோறு ஆறிடும்" என்றார் உபைதுல்லா.

கை கழுவிக்கொண்டு வந்து முழுவதும் சாப்பிட்டார். தண்ணீர் குடித்தார். பிறகு சொன்னார்: "மிளகாத்தூளுக்கு ரெண்டு கவர் போடணும். ஊறுகா மூடிய இறுக்கலை நீ. துணியில எண்ணெ எறங்கியிருக்கு."

"அத்தா, நான்..."

"அம்மாகிட்ட சொல்லிக்கிட்டு இருக்காத."

எழுந்து எஸ்.டி.டி. பூத்துக்குப் போனார். துபாயில் துரைராசுவைப் பிடித்து, ஒரு பார்சல் வரும், உன் பெயரில் வாங்கிக்கொள், நான் வெளியே போயிருப்பதாகச் சொல் என்றார். ஏன் என்று துரைராசு கேட்டிருக்க வேண்டும். "வந்து சொல்றேன்" என்று இவர் பதில் சொன்னது மட்டும் வாசலில் நின்ற ஷமீராவுக்குக் கேட்டது.

பத்து நாளில் பார்சல் கிடைத்தது. பிறகு துரைராசு, உபைதுல்லாவின் வீட்டு முகவரிக்கு ஒரு கடிதம் போட்டார். அதைப் பிரித்தவள் சைத்தூன் பீவி. நார்த்தங்காய் நன்றாக இருந்தது, முறுக்கு கொஞ்சம் நொறுங்கிவிட்டது, உங்கள் பெயரைக் கேட்டு வந்தவரிடம் நீங்கள் வேலைக்குப் போயிருப்பதாகச் சொன்னேன், விளையாட்டு இருக்கட்டும், நேரில் எப்போது வருகிறீர்கள்.

"யாரு நார்த்தங்கா அனுப்புனது? ஷமீரா!"

ஷமீரா எல்லாவற்றையும் சொன்னாள். முதல் நாள் பெஞ்சிலிருந்து சொன்னாள். அடி விழும் என்று நினைத்தாள். சைத்தூன் பீவி கடிதத்தை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு, உபைதுல்லா வரும்வரை உட்கார்ந்திருந்தாள். அவர் செருப்பைக் கழற்றும்போதே, நான்கு மாதத்துக்குப் பிறகு நேருக்கு நேராகக் கேட்டாள்:

"அந்த மனுசர்கிட்ட நீங்க தம்பின்னு சொன்னீங்களா?"

"ஆமா."

"அப்ப நான் யாரு?"

உபைதுல்லா செருப்பை ஓரமாக வைத்தார். "அண்ணி."

சைத்தூன் பீவி வாயை முந்தானையால் பொத்திக்கொண்டாள். முதலில் தோள் குலுங்கியது. சிரிப்புத்தான். நடுவில் எங்கேயோ அது அழுகையாகி, மறுபடி சிரிப்பானது. "நாலு வருசமா நான் அனுப்பப் பாத்தேன். முடியல. ஒங்க மவ ஒரே நாள்ல துபாய்க்கு அனுப்பிட்டா பாருங்க."

அதோடு சண்டை தீர்ந்தது என்று சொல்ல முடியாது. கம்பிகளில் துணி காயப்போடும்போது கோபம் வரத்தான் செய்தது. ஆனால் சோறு எடுத்து வைத்திருப்பதை அவளே நேரில் சொன்னாள்.

பள்ளிக்கூடத்தில்தான் வேறு மாதிரி ஆனது. எங்க அத்தா ஒங்க சாச்சாவப் பத்தியே பேசுறாங்க, டீ வாங்கிக் குடுத்தாராமே என்று அனீஸா எல்லோரிடமும் சொன்னாள். நவம்பரில் பெற்றோர் கூட்டம். அம்மாவுக்கு அன்று காய்ச்சல். வீட்டிலிருந்து யாராவது கட்டாயம் வர வேண்டும் என்று ரெங்கம்மாள் டீச்சர் சொல்லியிருந்தார். ஷமீரா பட்டறைக்குப் போய் வாசலிலேயே நின்று சொன்னாள்.

உபைதுல்லா கேட்டார்: "யாரா வரட்டும்?"

குத்திக் கேட்கவில்லை. மூன்று ஹெச்.பி.யா, ஐந்து ஹெச்.பி.யா என்று மோட்டார் கொண்டு வருகிறவரைக் கேட்கிற மாதிரிதான் கேட்டார்.

ஷமீரா தரையைப் பார்த்தாள். "சாச்சாவா."

"சரி."

அன்று வார்னிஷ் போகக் கையை மண்ணெண்ணெயில் கழுவி, பிறகு சோப்புப் போட்டுக் கழுவி, வெள்ளைச் சட்டையில் வந்தார். ரெங்கம்மாள் டீச்சரிடம் சித்தப்பா என்று சொல்லிக்கொண்டார். கணக்கில் இன்னும் கவனம் வேண்டும் என்று டீச்சர் சொன்னதை, "அண்ணன்கிட்ட சொல்லிடறேன்" என்று கேட்டுக்கொண்டார். வெளியே வந்து மொபெட்டை உதைத்தபோது, தூணோரம் நின்ற அனீஸா ஓடிவந்து ஸலாம் சொன்னாள். நல்லா படிங்கம்மா என்றார்.

அதற்குப் பிறகு அவர் எதிர் வாசலில் நிற்கலாம். மழை நாளில் பஸ் வராவிட்டால் மொபெட்டில் வந்து கூட்டிப் போகலாம். சாச்சாவுக்குத் தடையில்லை. சோதனைக்கூடத்துக்கு ஒரு பழைய மோட்டாரை வெட்டித் திறந்து, உள்ளே எல்லாம் தெரிகிற மாதிரி செய்து கொண்டுவந்து கொடுத்தார். பெண்கள் எல்லோரும் அவரைச் சாச்சா என்றே கூப்பிட்டார்கள். ஷமீராவும் அங்கே அப்படித்தான் கூப்பிட்டாள். அந்த வார்த்தையைச் சொல்லும்போது முதலில் நாக்கு தடுக்கும். பிறகு தடுக்கவில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

பிளஸ் டூவில் ஒரு நாள் மத்தியான இடைவேளை. அனீஸா சாப்பிடாமல் டிபன் பாக்ஸை மூடி வைத்தாள்.

"ஒனக்கு என்னடி. சாச்சாவே இப்படி இருக்காரு. எங்க அத்தா கேசட்ல பேசி அனுப்பியிருக்காங்க. நல்லா படிக்கிறியாம்மா, இப்ப பத்தா பதினொண்ணான்னு கேக்குறாங்க. எனக்கு எதுக்குடி வாட்சு?"

ஷமீராவுக்கு அப்போதே சொல்லிவிட வேண்டும் என்று இருந்தது. ஆனால் எப்படிச் சொல்வது? உன்னிடம் இல்லாதது என்னிடம் இருக்கிறது, அதை மறைத்து வைத்து உன்னைப் பார்த்தே பொறாமைப்பட்டேன் என்றா? டிபன் பாக்ஸைத் திறந்து அவள் பக்கம் நகர்த்தினாள். "சாப்புடு." அவ்வளவுதான் முடிந்தது.

தொண்ணூற்றாறு பிப்ரவரியில் பரிசளிப்பு விழா. இயற்பியலில் பள்ளியில் முதல் மதிப்பெண் ஷமீரா. பரிசு வாங்கும் பெண்கள் மைக்கில் இரண்டு வார்த்தை நன்றி சொல்ல வேண்டும். ஒரு வாரமாக அவள் ஒரே வாக்கியத்தை மனப்பாடம் செய்திருந்தாள்: அங்கே கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவர் என் சாச்சா இல்லை, என் அத்தா. மேடை ஏறினாள். பரிசைக் கையில் வாங்கினாள். கூட வந்திருக்கும் சித்தப்பாவுக்கும் பாராட்டு என்று தலைமையாசிரியை மைக்கில் சொன்னார். கூட்டம் திரும்பிப் பார்த்துக் கைதட்டியது. உபைதுல்லா எழுந்து நின்று சின்னதாகத் தலையை அசைத்துவிட்டு உட்கார்ந்தார். ஷமீரா மைக் முன்னால் போனாள். "எல்லாருக்கும் நன்றி" என்றாள். இறங்கினாள்.

திரும்பும்போது வெட்டாற்றுப் பாலத்தில் மொபெட் மெதுவாகப் போனது.

"சொல்லியிருக்கணும்த்தா."

"என்னத்த?"

பாலம் முடிந்ததும் மொபெட் வேகம் எடுத்தது. 

பிறகு திருச்சியில் இன்ஜினியரிங் படித்தாள். சென்னையில் ஓர் அனல்மின் நிலையத்தில் வேலை. மோட்டார் எரியாமல் பார்த்துக்கொள்ளும் பாதுகாப்பு ரிலேக்கள் அவள் பொறுப்பு. தகப்பன் கையால் கட்டினதை மகள் கம்ப்யூட்டரில் காப்பாற்றினாள் என்று சைத்தூன் பீவி சொல்லிச் சிரிப்பாள். தூண்களின் மேல் நின்ற கம்பிகள் காயில் கட்டின காசிலேயே ஒவ்வொன்றாகத் தளத்துக்குள் போய் மறைந்தன. உபைதுல்லா கடைசிவரை மறுபடி வெளிநாடு போகவில்லை. ஏன் போகவில்லை என்று ஒருமுறை மட்டும், ஷமீராவுக்குக் குழந்தை பிறந்த சமயத்தில், கேட்காமலே சொன்னார்: "ஜோர்டான்ல அந்தக் கூடாரத்துல இருந்தப்ப ஒம் மொகம் ஞாபகம் வரல. போட்டோ பெட்டியோட போயிருச்சு. எவ்வளவு யோசிச்சும் வரல." அவ்வளவுதான். குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார்.

அவள் கல்யாணம் இரண்டாயிரத்து மூன்றில் நடந்தது. பத்திரிகையில் உபைதுல்லா என்ற பெயர். வாசலில் வரவேற்று நிற்கப்போகிறவரும் அவர்தான். ஆகவே அனீஸாவுக்குப் பத்திரிகை போகவில்லை. "திருவாரூருக்கு வைக்கலையாம்மா?" என்றார் உபைதுல்லா. "அட்ரஸ் தெரியலத்தா" என்றாள் ஷமீரா. அவளுக்கு நன்றாகத் தெரியும். அவருக்கும் அது தெரிந்திருக்கும்.

அவர் இறந்த செய்தியை ஷமீராவே பள்ளித் தோழிகளின் வாட்ஸ்அப் குழுவில் போட்டாள். என் அத்தா உபைதுல்லா மவுத்தாகிவிட்டார்கள், துஆ செய்யுங்கள். அனீஸா இப்போது ஷார்ஜாவில் இருக்கிறாள். தனியாகச் செய்தி அனுப்பினாள்.

"அத்தாவை நான் பார்த்ததே இல்லை, அல்லாஹ் அவங்க கபரை விசாலமாக்கட்டும். சாச்சா எப்படி இருக்காங்க? அண்ணன் போன துக்கத்துல அவங்களைத் தனியா விடாதே. எங்க அத்தாவும் திருவாரூர்லேந்து சாச்சாவை விசாரிச்சாங்க. ஸலாம் சொல்லு."

ஷமீரா பதில் எழுதினாள். அழித்தாள். மறுபடி எழுதினாள். அழித்தாள். போனை அணைத்து வைத்துவிட்டு அம்மாவிடம் போய் உட்கார்ந்தாள். மூன்றாம் நாள் அது. செய்தியைப் படித்துக் காட்டினாள்.

சைத்தூன் பீவி தஸ்பீஹ் மணியைக் கீழே வைத்துவிட்டுச் சொல்ல ஆரம்பித்தாள்.

மார்ச்சில் மக்காவுக்கு உம்ரா போக அத்தா, அம்மா இரண்டு பேருக்கும் டிக்கெட் போட்டிருந்தது ஷமீராவுக்குத் தெரியும். அவள்தான் போட்டாள். போவதற்குமுன் தெரிந்தவர் வீடுகளுக்கெல்லாம் போய், ஏதாவது தப்பு செய்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று கையைப் பிடித்துக் கேட்பது வழக்கம். மூன்று வாரமாக உபைதுல்லா அந்த வேலையாக அலைந்திருக்கிறார். பேசாமல் விட்ட சொந்தக்காரர், இவரிடம் சொன்ன தேதியில் மோட்டார் கிடைக்காத மிராசுதார், எல்லோரையும் பார்த்தாயிற்று. நீங்க கட்டிக் கொடுத்தது ரெண்டு தடவ எரிஞ்சது ஒங்க தப்பு இல்ல பாய், என் வோல்டேஜ் தப்பு என்று சொல்லி வாடிக்கைக்காரர் இராஜாங்கம் இளநீர் வெட்டிக் கொடுத்தனுப்பினாராம்.

"ஒருத்தருதான் பாக்கின்னாங்க" என்றாள் சைத்தூன் பீவி. "திருவாரூரு நெய்னா முகம்மது பாய். அமானத்த நம்பித் தூக்கிட்டுப் போன மனுசர்கிட்ட ஆள மாத்திச் சொல்லிட்டேன், அதுக்குப் பொறுத்துக்கங்கன்னு கேக்காம எப்படிப் போறதுன்னாங்க. அது ஒங்க தப்பா, புள்ள தப்புன்னு நான் சொன்னேன். சொன்னது என் வாயின்னுட்டாங்க."

"எங்கிட்ட சொல்லவே இல்லயேம்மா."

"ஒங்கிட்ட சொன்னா நீ வருத்தப்படுவியாம். அவரு வீடு எந்தத் தெருன்னு மட்டும் ஒங்கிட்ட போன்ல கேட்டுச் சொல்லச் சொன்னாங்க, ஏதோ சும்மா கேக்குற மாதிரி. செவ்வாக்கெழம காலையில சொன்னாங்க. சாயந்தரம் அசர் தொழுதுட்டுக் கேக்கலாம்னு இருந்தேன். அதுக்குள்ள பட்டறையிலேந்து ஆளு வந்துட்டாங்க."

தெரு ஷமீராவுக்குத் தெரியும். பள்ளிவாசலுக்குப் பின்னால், வலது கைப் பக்கம் மூன்றாவது வீடு. நெய்னா முகம்மதுவுக்கு இப்போது எழுபத்தைந்துக்கு மேல் இருக்கும். மறுநாள் புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு உபைதுல்லா அங்கே கிளம்புவதாக இருந்தது. கையைப் பிடித்து, நான்தான் உபைதுல்லா என்று சொல்லிவிட்டு, பொறுத்துக்கொள்ளச் சொல்லிக் கேட்டுவிட்டு வர வேண்டிய வேலை. போக வர ஒன்றரை மணி நேரம். அது அப்படியே நிற்கிறது.